4 கோடி இலக்கங்கள், 17 கோடி ரூபாய் செலவு... எல்லாம் ஒரே ஒரு பகா எண்ணுக்காக!

உங்கள் போனில் கால்குலேட்டரைத் திறந்துகொள்ளுங்கள். 2-ஐ 2-ஆல் பெருக்குங்கள், 4 வரும். அதை மறுபடி 2-ஆல் பெருக்குங்கள், 8. இப்படியே போய்க்கொண்டிருங்கள். பத்து இரண்டுகளைப் பெருக்கினால் 1,024. இருபது இரண்டுகள் என்றால் 10 லட்சத்தைத் தாண்டிவிடும். முப்பது இரண்டுகளுக்கு 107 கோடி. அதற்குமேல் கொஞ்ச நேரத்திலேயே திரையில் இடம் போதாமல் கால்குலேட்டர் எண்ணைச் சுருக்கிக் காட்ட ஆரம்பித்துவிடும்.

இதே வேலையை 13,62,79,841 இரண்டுகளுக்குச் செய்து, வரும் விடையிலிருந்து 1-ஐக் கழித்தால் ஓர் எண் கிடைக்கும். அதில் மொத்தம் 4,10,24,320 இலக்கங்கள். 1-ஐயும் அதே எண்ணையும் தவிர வேறு எதனாலும் அதை மீதியில்லாமல் வகுக்க முடியாது. அதாவது, அது ஒரு பகா எண். மனிதர்கள் இதுவரை கண்டுபிடித்த பகா எண்களிலேயே மிகப் பெரியது.

2024 அக்டோபர் 21 அன்று இந்த அறிவிப்பு வெளியானது. கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் சான் ஹோசே நகரைச் சேர்ந்த லூக் டுரன்ட். அப்போது அவருக்கு வயது 36. சிப் தயாரிக்கும் என்விடியா நிறுவனத்தின் முன்னாள் ஊழியர். இந்தத் தேடலுக்காக அவர் செலவழித்தது சுமார் 20 லட்சம் டாலர் என்கின்றன செய்திகள். நம்ம ஊர்க் கணக்கில் கிட்டத்தட்ட 17 கோடி ரூபாய். அதுவும் சொந்தப் பணம். கிடைத்த பரிசு 3,000 டாலர், அதாவது இரண்டரை லட்சம் ரூபாய். அதையும் அலபாமாவில் தான் படித்த பள்ளியின் கணிதத் துறைக்கே கொடுத்துவிட்டார்.

“இதனால யாருக்கு என்ன பிரயோஜனம்?” என்று உங்கள் வீட்டில் ஒருவராவது கேட்டிருப்பார். நியாயமான கேள்விதான். பதிலுக்கு முன்னால் இந்த எண்ணோடு கொஞ்சம் பழகிவிட்டு வருவோம்.

“மிகப் பெரிய பகா எண்” என்று ஒன்று உண்டா?

ஒரு சின்ன ரிவிஷன். 2, 3, 5, 7, 11, 13... இவை பகா எண்கள். 6-ஐ 2 × 3 என்று பிரிக்கலாம் என்பதால் அது பகு எண். எந்தப் பகு எண்ணைப் பிரித்துக்கொண்டே போனாலும் கடைசியில் பகா எண்களில்தான் போய் நிற்போம்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல்களில் “உலகின் மிகப் பெரிய பகா எண் கண்டுபிடிப்பு” என்று போட்டிருப்பார்கள். அது தவறு. மிகப் பெரிய பகா எண் என்று ஒன்று கிடையவே கிடையாது. 2,300 ஆண்டுகளுக்கு முன்பே யூக்ளிட் இதை நிரூபித்துவிட்டார். அவர் வழி ரொம்பச் சுலபமானது. உங்களிடம் இருக்கும் பகா எண்களையெல்லாம் பெருக்கி, 1-ஐக் கூட்டுங்கள். 2 × 3 × 5 × 7 = 210. அதோடு 1 சேர்த்தால் 211. இதை 2, 3, 5, 7 எதனால் வகுத்தாலும் 1 மீதி வரும். ஆக, உங்கள் பட்டியலில் இல்லாத ஒரு பகா எண் எங்கோ இருந்தே ஆக வேண்டும். சில சமயம் கிடைக்கும் எண்ணே பகா எண்ணாக இருக்கும், 211 அப்படித்தான். சில சமயம் அதன் காரணிகள் புதியவையாக இருக்கும். 2 × 3 × 5 × 7 × 11 × 13 + 1 = 30,031. இது 59 × 509. இரண்டுமே பட்டியலில் இல்லாதவை!

எனவே டுரன்ட் கண்டுபிடித்தது, இதுவரை நமக்குத் தெரிந்தவற்றில் பெரியது. இதற்கு மேலும் முடிவில்லாமல் இருக்கின்றன. சிக்கல் என்னவென்றால், இருக்கின்றன என்று தெரியும், எது என்றுதான் தெரியாது.

அம்பலப்புழா பாயசமும் ஒரு பிரெஞ்சுத் துறவியும்

கேரளாவின் அம்பலப்புழா கோயில் பால் பாயசக் கதையைக் கேட்டிருப்பீர்கள். முதியவர் வேடத்தில் வந்த கிருஷ்ணர், ராஜாவோடு சதுரங்கம் ஆடி ஜெயிக்கிறார். பரிசாக அரிசி கேட்கிறார். முதல் கட்டத்துக்கு 1, அடுத்ததற்கு 2, அதற்கடுத்து 4, 8, 16 என்று ஒவ்வொரு கட்டத்திலும் இரட்டிப்பாக. 64 கட்டங்களுக்கும் கொடுக்க ராஜ்ஜியத்தில் அரிசி இல்லை. கடனை அடைக்கத்தான் தினமும் பாயசம் படைக்கப்படுகிறது என்று முடியும் அந்தக் கதை.

இந்தக் கதையில் ஒளிந்திருப்பதுதான் நம்முடைய எண். ஒவ்வொரு கட்டத்திலும் நின்று, அதுவரை வைத்த மொத்த அரிசியை எண்ணிப் பாருங்கள். இரண்டாவது கட்டத்தில் 3. மூன்றாவதில் 7. நான்காவதில் 15. ஐந்தாவதில் 31. ஆறாவதில் 63. ஏழாவதில் 127. எப்போதும், அத்தனை இரண்டுகளின் பெருக்கல் கழித்தல் 1.

இதில் பகா எண்கள் எவை? 3, 7, 31, 127. அவை வந்த கட்டங்கள் 2, 3, 5, 7. கட்டத்தின் எண் பகா எண்ணாக இருந்தால்தான் மொத்தமும் பகா எண்ணாக இருக்க முடியும். ஆனால், அது மட்டும் போதாது. 11-வது கட்டத்தில் 2,047 வரும். அது 23 × 89.

1644-ல் மரின் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி, 257-வது கட்டம் வரை எங்கெல்லாம் பகா எண் வரும் என்று ஒரு பட்டியல் வெளியிட்டார். அதனால்தான் இந்த வகை எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். பட்டியலில் தவறுகள் இருந்தன. 67, 257 இரண்டும் தவறாகச் சேர்ந்துவிட்டன. 61, 89, 107 மூன்றும் விடுபட்டுவிட்டன. 61-வது கட்டத்தில் பகா எண் உண்டு என்று 1883-ல் கண்டுபிடித்தவர் இவான் பெர்வுஷின் என்ற ரஷ்யப் பாதிரியார். அதாவது அம்பலப்புழா ராஜா 61-வது கட்டத்தோடு நிறுத்தியிருந்தால், அந்த அரிசியைச் சமமான குவியல்களாகப் பிரிக்கவே முடியாது. ஒரே குவியலாக வைக்கலாம், இல்லையென்றால் ஒவ்வோர் அரிசியாக வைக்கலாம்.

டுரன்ட் கண்டுபிடித்த எண்ணுக்கு 13,62,79,841 கட்டங்கள் உள்ள சதுரங்கப் பலகை வேண்டும்.

ஒரு வார்த்தைகூடப் பேசாத சொற்பொழிவு

மெர்சென் பட்டியலில் தவறாகச் சேர்ந்த 67-க்கு ஒரு தனிக் கதை உண்டு. 1903 அக்டோபரில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டம். பேராசிரியர் ஃபிராங்க் நெல்சன் கோல் மேடையேறினார். கரும்பலகைக்குப் போய், 67 இரண்டுகளைப் பெருக்கி 1-ஐக் கழித்தார். விடை: 147573952589676412927. பலகையின் மறுபக்கத்தில் 193707721, 761838257287 என்ற இரண்டு எண்களை எழுதி, கையாலேயே பெருக்கினார். அதே விடை வந்தது. ஒரு வார்த்தைகூடப் பேசாமல் போய் உட்கார்ந்துவிட்டார். அரங்கமே கைதட்டியது என்பார்கள். இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நாள் ஆனது என்று பின்னாளில் கேட்டபோது, மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் என்று பதில் சொன்னாராம்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. 67-வது எண் பகா எண் அல்ல என்பது கோல் மேடையேறுவதற்கு 27 ஆண்டுகளுக்கு முன்பே தெரியும். 1876-ல் பிரெஞ்சுக் கணித வல்லுநர் எதுவார் லூகா அதைக் காட்டிவிட்டார். ஆனால், அதன் காரணிகள் என்னவென்று அவருக்கும் தெரியாது!

காரணியே தெரியாமல், “இது பகா எண் இல்லை” என்று எப்படி அடித்துச் சொல்ல முடியும்? இந்த இடத்தில்தான் 4 கோடி இலக்க எண்ணின் ரகசியமும் இருக்கிறது.

4-ல் தொடங்கும் பரீட்சை

லூகா கண்டுபிடித்து, 1930-ல் டெரிக் லெமர் செம்மைப்படுத்திய சோதனை இது. ஆறாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் போதும்.

4-ல் தொடங்குங்கள். அதை வர்க்கப்படுத்தி 2-ஐக் கழியுங்கள். நீங்கள் சோதிக்கும் எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மீதியை மறுபடி வர்க்கப்படுத்தி 2-ஐக் கழியுங்கள். கட்டத்தின் எண்ணிலிருந்து இரண்டைக் குறைத்தால் எத்தனையோ, அத்தனை முறை இதைச் செய்ய வேண்டும். கடைசியில் மீதி 0 வந்தால் பகா எண். வராவிட்டால் இல்லை.

ஐந்தாவது கட்டத்து 31-ஐச் சோதிப்போம். மூன்று முறை செய்ய வேண்டும். 4-ன் வர்க்கம் 16, கழித்தல் 2, விடை 14. அடுத்து 14-ன் வர்க்கம் 196, கழித்தல் 2, 194. இதை 31-ஆல் வகுத்தால் மீதி 8. அடுத்து 8-ன் வர்க்கம் 64, கழித்தல் 2, 62. இதை 31-ஆல் வகுத்தால் மீதி 0. பாஸ்!

11-வது கட்டத்து 2,047-ஐச் சோதித்தால், ஒன்பதாவது முறையில் 1,736 மீதி நிற்கும். ஃபெயில். 23, 89 என்ற காரணிகள் இந்தக் கணக்கில் எங்குமே தலைகாட்டாது. ஆனாலும் தீர்ப்பு சரி.

இந்தச் சோதனையில் “அநேகமாக” என்ற பேச்சுக்கே இடமில்லை. லூகாவே 1876-ல் தன் முறையைப் பயன்படுத்தி, 127-வது கட்டத்து எண் பகா எண் என்று நிரூபித்தார். அதில் 39 இலக்கங்கள். கம்ப்யூட்டர் காலம் பிறக்கும்வரை 75 ஆண்டுகள் அந்தச் சாதனையை யாரும் தாண்டவில்லை.

டுரன்ட்டின் எண்ணுக்கு இதே சோதனையை 13,62,79,839 முறை செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் நான்கு கோடி இலக்கங்கள் வரை உள்ள ஓர் எண்ணை வர்க்கப்படுத்த வேண்டும். நடுவில் ஒரே ஓர் இலக்கம் பிசகினாலும் மொத்தமும் வீண். அதனால்தான் 2024 அக்டோபர் 11 அன்று அயர்லாந்தின் டப்ளினில் இருந்த ஒரு கம்ப்யூட்டர், “இது பகா எண்ணாக இருக்க வாய்ப்பு மிக அதிகம்” என்று முதல் தகவல் தந்தபோது யாரும் உடனே பட்டாசு வெடிக்கவில்லை. மறுநாள் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் இருந்த இன்னொரு கம்ப்யூட்டர் 4-ல் தொடங்கும் பரீட்சையை முடித்து 0 என்றது. அதன் பிறகும் வெவ்வேறு கம்ப்யூட்டர்களில், வெவ்வேறு புரோகிராம்களில் மறுபடி மறுபடி சரிபார்த்த பிறகே உலகத்துக்கு அறிவித்தார்கள்.

இந்த எண்ணின் ஜாதகம்

* முதல் நான்கு இலக்கங்கள் 8816. கடைசி மூன்று 551.

* நொடிக்கு ஓர் இலக்கம் என்று சொல்லிக்கொண்டே போனால், சாப்பாடு தூக்கம் எதுவும் இல்லாமல் 475 நாள்கள் ஆகும்.

* பக்கத்துக்கு 3,000 இலக்கங்கள் என அச்சிட்டால் 13,675 பக்கங்கள். 300 பக்கப் புத்தகமாகப் போட்டால் 46 புத்தகங்கள்.

* கம்ப்யூட்டர்கள் பயன்படுத்தும் இரும எண் முறையில் எழுதினால் இதில் 0 என்பதே கிடையாது. 3 என்பது 11, 7 என்பது 111, 31 என்பது 11111. அதுபோல இந்த எண், வரிசையாக 13,62,79,841 ஒன்றுகள். போனில் சேமித்தால் சுமார் 17 எம்.பி. போதும். நீங்கள் காலையில் டெலீட் செய்த ஏதாவது ஒரு வீடியோவைவிடச் சிறியதாகக்கூட இருக்கலாம்.

* இதற்கு ஒரு ஜோடி உண்டு. 6-ன் வகுத்திகள் 1, 2, 3. கூட்டினால் மறுபடி 6. 28-ன் வகுத்திகள் 1, 2, 4, 7, 14. கூட்டினால் 28. இவற்றை நிறைவு எண்கள் என்பார்கள். ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணுக்கும் ஒரு நிறைவு எண் உண்டு என்பது யூக்ளிட் காட்டியது. இரட்டைப்படை நிறைவு எண்கள் எல்லாமே இப்படி வருபவைதான் என்று பிற்பாடு ஆய்லர் நிரூபித்தார். 3-ன் ஜோடி 6, 7-ன் ஜோடி 28. டுரன்ட்டின் எண்ணுக்கு ஜோடியான நிறைவு எண்ணில் 8,20,48,640 இலக்கங்கள்.

இதன் ஒன்றுவிட்ட சொந்தம் ஒன்று ஏற்கெனவே நமக்கெல்லாம் அறிமுகம்தான். 31-வது கட்டத்து எண் 214,74,83,647. இது பகா எண் என்று 1772-ல் நிரூபித்தவரும் ஆய்லர்தான். பழைய 32 பிட் கம்ப்யூட்டர் முறையில் எண்ணக்கூடிய உச்சம் இது. 2014 டிசம்பரில் ‘கங்னம் ஸ்டைல்’ வீடியோவின் வியூஸ் இந்த எண்ணைத் தாண்டியபோது, யூடியூப் தன் கவுன்ட்டரையே பெரிதாக்கிவிட்டதாக அறிவித்தது.

சர்ச் கம்ப்யூட்டரில் கிடைத்த பகா எண்

1996-ல் ஜார்ஜ் வோல்ட்மேன் என்ற புரோகிராமர் ‘ஜிம்ப்ஸ்’ என்ற கூட்டுத் தேடலைத் தொடங்கினார். யார் வேண்டுமானாலும் இலவச மென்பொருளைத் தங்கள் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் சும்மா இருக்கும் நேரத்தில் அது பரீட்சையை நடத்திக்கொண்டிருக்கும். இதுவரை 18 மெர்சென் பகா எண்கள் இந்தக் கூட்டு முயற்சியில் கிடைத்திருக்கின்றன.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், ஃபெடெக்ஸ் ஊழியரான ஜோனதன் பேஸ் 14 ஆண்டுகள் தேடிக்கொண்டிருந்தார். தன்னுடைய சர்ச்சின் கம்ப்யூட்டரில்கூட இந்த மென்பொருளை ஓடவிட்டிருந்தார். 2017 டிசம்பரில் அந்தச் சர்ச் கம்ப்யூட்டரில்தான் 2,32,49,425 இலக்கங்கள் கொண்ட பகா எண் சிக்கியது. இன்னொரு கதை இன்னும் வேடிக்கை. மிசௌரி பல்கலைக்கழகம் ஒன்றின் பேராசிரியர் கர்டிஸ் கூப்பரின் கம்ப்யூட்டர், 2015 செப்டம்பரிலேயே ஒரு சாதனை எண்ணைக் கண்டுபிடித்துத் தகவல் அனுப்பிவிட்டது. ஆனால், அதை யாரும் கவனிக்கவில்லை. 2016 ஜனவரியில் வழக்கமான பராமரிப்பு வேலையின்போதுதான் பார்த்தார்கள். கிட்டத்தட்ட நான்கு மாதங்கள், உலகின் மிகப் பெரிய பகா எண் சர்வரில் சத்தமில்லாமல் படுத்திருந்தது!

2018 டிசம்பருக்குப் பிறகு ஆறு ஆண்டுகள் எதுவும் கிடைக்கவில்லை. அப்போதுதான் டுரன்ட் வந்தார். கேம்ஸுக்காகப் பிறந்து, இப்போது ஏ.ஐ-க்கு உழைக்கும் ஜி.பி.யூ. சிப்களை இதற்குப் பயன்படுத்தலாம் என்பது அவர் யோசனை. 17 நாடுகளில் உள்ள டேட்டா சென்டர்களில் ஆயிரக்கணக்கான ஜி.பி.யூ-க்களை வாடகைக்கு எடுத்து ஒன்றாக இணைத்தார். சுமார் ஓராண்டுத் தேடலில் எண் கிடைத்தது. முந்தைய சாதனையில் 2,48,62,048 இலக்கங்கள். இதில் அதைவிட 1 கோடியே 61 லட்சம் இலக்கங்கள் அதிகம். சாதாரண வீட்டு கம்ப்யூட்டர்கள் 28 ஆண்டுகளாக வைத்திருந்த கிரீடம் அன்றோடு கைமாறியது.

சரி, யாருக்கு என்ன பிரயோஜனம்?

“பேங்க் பாஸ்வேர்டைக் காக்க உதவும்” என்று சிலர் எழுதுகிறார்கள். உண்மையில் இந்த எண் அதற்கு உதவாது. இணையப் பாதுகாப்பில் பரவலாக இருக்கும் ஆர்.எஸ்.ஏ. முறையில் இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி, விடையை மட்டும் வெளியில் காட்டுவார்கள். பெருக்குவது எளிது, பிரிப்பது கஷ்டம். கோலின் மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் ஞாபகம் இருக்கிறதா, அதே தத்துவம்தான். ஆனால், அங்கே பயன்படுவது சுமார் 300 இலக்கப் பகா எண்கள், அவையும் ரகசியமானவை. 4 கோடி இலக்கம் அங்கே ரொம்பப் பெரிது. தவிர, ஊருக்கே தெரிந்த சாவியை வைத்து யார் வீட்டைப் பூட்டுவார்கள்?

பயன் வேறு இடத்திலிருந்து வருகிறது. 1994-ல் அமெரிக்கப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி பகா எண் கணக்கு ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தபோது விடை இடித்தது. தன்மேல் தவறில்லை என்று உறுதிசெய்துகொண்டு தேடியவர், இன்டெல் பென்டியம் சிப்பே தவறாக வகுக்கிறது என்று கண்டுபிடித்தார். அந்தச் சிப்களை மாற்றித்தர இன்டெல் 47.5 கோடி டாலர் ஒதுக்க வேண்டியிருந்தது. 2016-ல் இன்டெல்லின் ஸ்கைலேக் சிப்பில் இருந்த ஒரு கோளாறும் ஜிம்ப்ஸ் மென்பொருள் ஓடும்போதுதான் வெளிப்பட்டது. இன்றும் புது கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவர்கள், அது தாக்குப்பிடிக்குமா என்று பார்க்க இந்த மென்பொருளை ஓடவிடுகிறார்கள். ஓர் இலக்கம்கூடப் பிசகக் கூடாத வேலை, கம்ப்யூட்டருக்கு நல்ல பரீட்சைதானே?

ஆனால், டுரன்ட் 17 கோடி ரூபாயைச் செலவழித்தது சிப்பைச் சோதிக்க அல்ல. கோல் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்தது பாங்க் பாதுகாப்புக்காகவும் அல்ல. ஒருவர் நேரத்தைக் கொடுத்தார், இன்னொருவர் பணத்தைக் கொடுத்தார். இருவரும் வாங்கியது ஒன்றைத்தான்: சந்தேகமே இல்லாத ஒரு பதில். இந்த எண்ணை இதுவரை யாரும் முழுதாக வாசித்ததில்லை, வாசிக்கப்போவதும் இல்லை. ஆனாலும் அது பகா எண் என்பது, 7 பகா எண் என்பது எவ்வளவு நிச்சயமோ அவ்வளவு நிச்சயம்.

வீட்டு கம்ப்யூட்டருக்கு இனி வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. இது நமக்குத் தெரிந்த 52-வது மெர்சென் பகா எண். ஆனால் வரிசையில் உண்மையிலேயே 52-வதுதானா என்று இன்னும் சொல்ல முடியாது. இதற்குக் கீழே உள்ள எல்லாக் கட்டங்களையும் முழுமையாகச் சோதித்துச் சரிபார்த்து முடிக்கவில்லை. நடுவில் ஒன்று விடுபட்டிருக்கலாம். மெர்சென் தவறவிட்ட 61-ஐப் பிடிக்க 239 ஆண்டுகள் ஆயின. மேலே போக ஆசைப்படுபவர்களுக்கு, 10 கோடி இலக்கங்கள் கொண்ட முதல் பகா எண்ணுக்கு 1,50,000 டாலர் பரிசை ‘எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன்’ என்ற அமெரிக்க அமைப்பு அறிவித்திருக்கிறது.

வீட்டில் நல்ல கம்ப்யூட்டர் இருந்தால் நீங்களும் சேரலாம், இலவசம்தான். ஒரே ஓர் எண்ணைச் சோதிக்கவே பல நாள்கள் ஆகும். கம்ப்யூட்டர் சூடாகும், கரன்ட் பில் ஏறும், கிடைக்கும் பதில் பெரும்பாலும் “இல்லை” என்றுதான் இருக்கும். ஜோனதன் பேஸ் 14 வருடங்கள் அந்த “இல்லை”களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.